1969 எம்ஜிபியை அமெரிக்காவிலிருந்து பிரிட்டனுக்குக் கொண்டு வருவது: 10 + 20 கட்டணுமா, 5 போதுமா?

எம்ஜிபிக்காரன்:
வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிப்பதோடு சரி, இதுதான் முதல் இழை. அமெரிக்காவில் ஒரு 1969 எம்ஜிபி ரோட்ஸ்டர் (எம்ஜி செய்த இரண்டு சீட் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்) பேசி முடிகிற நிலையில் இருக்கிறது. வறண்ட பகுதியிலேயே ஓடிய வண்டி. கதவுக்குக் கீழே சில் முழுக்கக் காந்தத்தை வைத்து வைத்து வீடியோ எடுத்து அனுப்பினார்கள், எங்கேயும் நழுவவில்லை, அதாவது புட்டி பூசி மறைத்த இடம் கிடையாது. இடது பக்க ஸ்டியரிங், அதை மாற்றுகிற எண்ணம் எனக்கு இல்லை.

குழப்பம் வரியில்தான். ஒரு ஏஜென்ட் 10 சதவீதம் இறக்குமதி வரி, அதற்கு மேல் 20 சதவீதம் வாட் என்கிறார். இன்னொருவர் 30 வயது தாண்டிய வண்டிதானே, இறக்குமதி வரியே கிடையாது, வாட் மட்டும் 5 சதவீதம் என்கிறார். மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். யார் சொல்வது சரி?

அப்புறம் இன்னொன்று. இது அபிங்டன் தொழிற்சாலையில் செய்த வண்டி. பிறந்த வீட்டுக்குத்தான் திரும்பி வருகிறது. அதற்கும் வரியா?

ஓடாதவண்டி:
பிறந்த வீட்டுக்கு வந்தால் சீர் கொடுத்து அனுப்புவார்கள். கஸ்டம்ஸ் மட்டும்தான் சீர் வாங்கிக்கொண்டு உள்ளே விடும்.

சரக்குக்கப்பல்:
கிளியரிங் தொழிலில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஏஜென்ட்கள் இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் 8703 என்ற கோடில் வண்டியை வைத்துக் கணக்குப் போடுகிறார், மற்றவர் 9705ல் வைத்துப் போடுகிறார். கப்பலில் வருகிற எந்தப் பொருளுக்கும் ஒரு எச்.எஸ். கோடு உண்டு, உலக சுங்க அமைப்பு பராமரிக்கிற அட்டவணை அது, முதல் நான்கு இலக்கம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். 87ஆவது அத்தியாயம் வாகனங்கள், அதில் 8703 என்பது ஆளேற்றும் கார். 97ஆவது அத்தியாயம் ஓவியம், சிற்பம், பழம்பொருள், அதில் 9705 என்பது வரலாற்று மதிப்புள்ள சேகரிப்புப் பொருள். அதாவது கஸ்டம்ஸ் கேட்கிற கேள்வி இந்த வண்டி எத்தனை பழசு என்பது அல்ல, இது காரா அல்லது அருங்காட்சியகப் பொருள் மாதிரியான ஒன்றா என்பது. வயது அந்தக் கேள்விக்கான பதிலில் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

இதில் ஐரோப்பிய நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் முக்கியம். 1985ல் வந்த தீர்ப்பு சேகரிப்புப் பொருள் என்றால் ஓரளவு அரிதாக இருக்க வேண்டும், வழக்கமான வேலைக்குப் பயன்படாததாக இருக்க வேண்டும், சாதாரணச் சந்தைக்கு வெளியே கைமாறுவதாக இருக்க வேண்டும், விலை உயர்ந்ததாக இருக்க வேண்டும் என்றது. பழைய கார் வைத்திருந்தவர்கள் பாதிப் பேர் அதிலேயே விழுந்தார்கள், ஓட்டுகிற வண்டியாயிற்றே. 1998ல் வந்த தீர்ப்பு கார்களுக்கென்று மூன்று விஷயங்களைச் சொன்னது: சேஸிஸ், ஸ்டியரிங், பிரேக், இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாமல் ஒரிஜினல் நிலையில் இருக்க வேண்டும், குறைந்தது 30 வயது ஆகியிருக்க வேண்டும், அந்த மாடல் இப்போது உற்பத்தியில் இருக்கக் கூடாது. இந்த மூன்றும் இருந்தால் வரலாற்று மதிப்பு உண்டு என்று எடுத்துக்கொள்ளலாம். பிரிட்டன் இன்றும் பார்ப்பது இந்த மூன்றைத்தான்.

உங்கள் 1969 எம்ஜிபிக்கு இரண்டாவதும் மூன்றாவதும் கேள்வியே இல்லை, 1980லேயே உற்பத்தி நின்றுவிட்டது. எல்லாமே முதல் நிபந்தனையில்தான் இருக்கிறது. இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், சஸ்பென்ஷன் எதையாவது மாற்றியிருக்கிறார்களா? பணம் அனுப்புவதற்கு முன் இதைக் கேளுங்கள்.

கணக்கு வேண்டுமென்றால், வண்டி விலை 100, கப்பல் கூலியும் இன்ஷூரன்ஸும் 10 என்று வையுங்கள். வரி 110க்குத்தான், வெறும் 100க்கு இல்லை. 8703ல் போனால் 10 சதவீதம் வரி 11. இப்போது 121. அந்த 121க்கு 20 சதவீதம் வாட் 24.20. மொத்தம் 35.20 கட்ட வேண்டும், கவனியுங்கள், வரிக்கும் வரி போடுகிறார்கள். 9705ல் போனால் 110க்கு 5 சதவீதம், 5.50. முடிந்தது. (வாட் கணக்கில் இறங்கும் துறைமுகச் செலவும் கொஞ்சம் சேரும், அதை விட்டுவிட்டேன்.)

ரெண்டுகார்ப்:
அபிங்டன் கேள்விக்கு நான் சொல்கிறேன். திரும்பி வரும் பொருளுக்கான விலக்கு என்று ஒன்று இருக்கிறது, ஆனால் வெளியே போன பொருள் பொதுவாக 3 வருடத்துக்குள் திரும்ப வேண்டும், போனபோது இருந்த நிலையிலேயே வர வேண்டும். 1969ல் போனது இப்போது வந்தால் அந்த விலக்கில் உட்காராது. எங்கே செய்தது என்பது உணர்ச்சி, எங்கிருந்து வருகிறது என்பதுதான் வரி.

வேறொரு வழி குடிபெயர்வு. வெளிநாட்டில் 12 மாதமாவது குடியிருந்துவிட்டு பிரிட்டனுக்குக் குடிவருபவர், 6 மாதமாவது சொந்தமாக வைத்து ஓட்டிய வண்டியை வீட்டுச் சாமானோடு வரியும் வாட்டும் இல்லாமல் கொண்டு வரலாம். முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், வந்த பிறகு 12 மாதம் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. வண்டி 5 வயதானாலும் 50 வயதானாலும் இதில் ஒன்றுதான், ஒரிஜினலா என்று யாரும் கேட்க மாட்டார்கள். நீங்கள் வாங்கி அனுப்புகிறவர் என்றால் இது உங்களுக்கு உதவாது, ஆனால் இழையைப் படிக்கிற மற்றவர்களுக்கு உதவும்.

வி8 விசிறி:
எனக்கு இந்த ஒரிஜினல் விஷயத்தில் எப்போதுமே கோபம். என்னிடம் இருக்கும் எம்ஜிபி ஜிடியில் (எம்ஜிபியின் கூரை மூடிய வகை) ரோவரின் 3.5 லிட்டர் வி8 மாட்டியிருக்கிறது, நாற்பது வருடத்துக்கு முன்பே முந்தைய ஓனர் மாட்டியது. அதே இன்ஜினை தொழிற்சாலையே 1973 முதல் 1976 வரை ஜிடியில் போட்டு விற்றது. அதே வண்டி, அதே இன்ஜின், மாட்டிய கை மட்டும் வேறு. தொழிற்சாலை மாட்டினால் வரலாறு, மெக்கானிக் மாட்டினால் சாதாரண காரா? அந்த மாற்றமே நாற்பது வருடப் பழசு, அதுவும் ஒரு காலத்தின் சாட்சிதானே.

சரக்குக்கப்பல்:
உங்கள் வாதம் நியாயமானதுதான். அந்தக் காலத்திலேயே செய்த மாற்றத்தை, அதுவும் ரேஸுக்கு ஓடிய வண்டி மாதிரி ஆவணம் இருந்தால், அதிகாரியிடம் எடுத்துச் சொல்லலாம். ஆனால் நாலு சிலிண்டராகப் பிறந்த சேஸிஸ் நம்பரில் எட்டு சிலிண்டர் இருந்தால் அவர் கையில் இருக்கும் காகிதமும் கண்ணெதிரே இருக்கும் இன்ஜினும் ஒத்துப்போகாது, அந்த இடத்தில் சந்தேகத்தின் பலன் உங்களுக்குக் கிடைக்காது. புது இன்ஜின், ஏசி, பவர் ஸ்டியரிங் போட்டு பழைய தோலை மட்டும் வைத்திருக்கிற ரெஸ்டோமாட் வண்டிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அதெல்லாம் 8703தான். ரெஸ்டோர் செய்தது பிரச்சினை இல்லை, வேறாக்கியதுதான் பிரச்சினை.

எம்ஜிபிக்காரன்:
நன்றி. விற்பவரிடம் கேட்டேன். இரட்டை எஸ்யூ கார்புரேட்டரை எடுத்துவிட்டு ஒற்றை வெபர் போட்டிருக்கிறார்கள். மற்றதெல்லாம் அப்படியே. இதனால் கெடுமா?

ரெண்டுகார்ப்:
பெயரிலேயே தெரியும் நான் எந்தக் கட்சி என்று. முதலில் அந்த வெபரைக் கழற்றி எறியுங்கள்.

சீரியஸாகச் சொன்னால், கார்புரேட்டர் போல்ட்டில் நிற்கிற பொருள், எப்போது வேண்டுமானாலும் திருப்பி மாட்டலாம், அதை யாரும் பெரிய மாற்றம் என்று பார்ப்பதாக எனக்குத் தெரியவில்லை. எலக்ட்ரானிக் இக்னிஷன், சீட் துணி, டயர், எல்லாம் அதே கணக்கு. கழற்றிய எஸ்யூ ஜோடி அந்த ஆளிடம் இருந்தால் கேட்டு வாங்கி வண்டியோடு போட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

ஓடாதவண்டி:
"உற்பத்தியில் இருக்கக் கூடாது" என்பதில் எனக்குப் பிடித்த உதாரணம் லாடா நிவா. 1977ல் வந்தது, இன்னும் செய்கிறார்கள். 1978 நிவா ஒன்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தாலும் மூன்றாவது நிபந்தனையில் மாட்டும். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் மெக்சிகோவில் 2003 வரை ஓடிக்கொண்டிருந்தது. அதுவரை 1960 பீட்டில்காரர்கள் என்ன சொல்லிச் சமாளித்தார்களோ!

பழையதகரம்:
அமெரிக்கப் பக்கம் இருந்து எழுதுகிறேன். இங்கே எல்லோரும் 25 வருட விதி, 30 வருட விதி என்று கலந்து பேசுவதைப் பார்க்கிறேன். அந்த எண்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு அலுவலகத்துக்குச் சொந்தம், இது புரியாமல்தான் பாதிக் குழப்பம்.

அமெரிக்காவுக்குள் கொண்டு வர 25 வருடம் என்பது சாலைப் பாதுகாப்புத் துறையின் எண். அந்த நாட்டுப் பாதுகாப்புத் தரத்தில் செய்யாத வண்டி உள்ளே வர 25 வயது ஆக வேண்டும், 1988 சட்டம். வருடம் மட்டும் இல்லை, தயாரித்த மாதமும் பார்க்கிறார்கள், அதனால்தான் ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்காரர்கள் மாதத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். 21 வருடம் என்பது சுற்றுச்சூழல் துறையின் எண், இன்ஜின் ஒரிஜினல் அமைப்பில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இந்த இரண்டும் வரி எண் இல்லை. காருக்கு வரி ரொம்ப காலமாக 2.5 சதவீதம், பின்னால் திறந்த டிரக் வகைக்கு 25, அது 1964ல் கோழி இறைச்சிச் சண்டையில் வந்து ஒட்டிக்கொண்டது. 2025ல் கார்களுக்குக் கூடுதலாக 25 சதவீதம் போட்டபோதும் 25 வயது தாண்டியவற்றை அதிலிருந்து விலக்கி வைத்தார்கள். இன்னொரு வித்தியாசம், அமெரிக்காவில் வரி கணக்கிடும்போது கப்பல் கூலியைச் சேர்ப்பதில்லை.

பிரிட்டனில் 30 என்பது கஸ்டம்ஸின் எண். 40 என்பது சாலை வரியும் எம்ஓடியும், அதாவது வருடாந்திர வாகனச் சோதனையும், விலக்கு பெறும் எண். இந்தியாவில் 50 என்பது விண்டேஜ் பதிவுக்கான எண்.

எம்ஜிபிக்காரனுக்கு: இங்கிருந்து வண்டி கிளம்பும்போது டைட்டில், அதாவது உரிமைப் பத்திரத்தின் ஒரிஜினல், கப்பல் ஏறும் துறைமுகத்தில் சுங்கத்தின் கைக்குப் போக வேண்டும், கப்பல் கிளம்ப 72 மணி நேரம் முன்பாக வண்டியும் காகிதமும் அங்கே இருக்க வேண்டும். பத்திரத்தில் வங்கியின் கடன் உரிமை பதிவாகியிருந்தால், கடன் எப்போதோ அடைத்திருந்தாலும், அதை நீக்கிய கடிதம் இல்லாமல் நகராது. 1969 வண்டியில் பத்திரத்தில் உள்ள சேஸிஸ் நம்பரும் வண்டியின் சேஸிஸ் பிளேட்டில் உள்ள நம்பரும் ஒரு எழுத்து மாறியிருப்பது ரொம்ப சாதாரணம், ஓவை ஜீரோவாக அடித்திருப்பார்கள். புகைப்படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

எம்ஜிபிக்காரன்:
ஒப்பிட்டேன். பிளேட்டில் ஜிஎச்என்4யூ என்று ஆரம்பிக்கிறது, பத்திரத்திலும் அதுவே. 17 எழுத்து இல்லையே, இது சரியான நம்பர்தானா?

ரெண்டுகார்ப்:
சரியான நம்பர்தான். 17 எழுத்து என்பது 1981 மாடல் வருடத்திலிருந்து வந்த பழக்கம். உங்களுடையதைப் பிரித்துப் படித்தால், ஜி எம்ஜி, எச் இன்ஜின் அளவு வகுப்பு, என் இரண்டு சீட் திறந்த வண்டி, 4 அந்தத் தொடர், யூ அமெரிக்காவுக்குப் போனது. அமெரிக்காவுக்கென்றே செய்தது என்பதற்கு நம்பரே சாட்சி. ஆன்லைன் படிவங்கள் 17 இல்லாவிட்டால் சிவப்புக் கோடு போட்டு மிரட்டும், அதற்காக முன்னால் ஜீரோ நிரப்பிவிடாதீர்கள், அப்புறம் அந்த ஜீரோக்கள் ஒவ்வொரு காகிதத்திலும் துரத்தும்.

கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் எம்ஜியின் உற்பத்திப் பதிவேடுகள் இருக்கின்றன. சேஸிஸ் நம்பர் கொடுத்தால் தயாரித்த தேதி, நிறம், முதல் இன்ஜின் நம்பர், எந்தச் சந்தைக்கு அனுப்பியது என்று ஹெரிடேஜ் சான்றிதழ் தருவார்கள். இன்றே கேளுங்கள். கஸ்டம்ஸுக்கும் ஆகும், பின்னால் நம்பர் பிளேட் எடுக்கும்போது தயாரித்த வருடத்துக்கு ஆதாரமாகவும் ஆகும்.

புதுச்சாவி:
ஏன் இவ்வளவு சுற்று? விற்பவரிடம் பாதி விலைக்கு பில் கேளுங்கள். பழைய வண்டிக்கு என்ன விலை என்று யாருக்குத் தெரியும், ரெஸ்டோர் செய்ய வேண்டிய ஓட்டை என்று சொல்லிவிடலாம். எல்லோரும் செய்வதுதான்.

சரக்குக்கப்பல்:
எல்லோரும் செய்வதில்லை, மாட்டியவர்கள் இழை போடுவதில்லை.

யாருக்குத் தெரியும் என்கிறீர்கள். ஏல முடிவுகள் எல்லாம் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன, அதிகாரி அதைத்தான் முதலில் பார்ப்பார். அதைவிடச் சுலபமான வழி, உங்கள் இன்ஷூரன்ஸ் பாலிசி. வண்டியை 100க்கு இன்ஷூர் செய்துவிட்டு 45க்கு டிக்ளேர் செய்தால் இரண்டு காகிதமும் ஒரே கோப்பில் பல்லிளிக்கும். குறைத்துக் காட்டியது நிரூபணமானால் மீதி வரியோடு அபராதம், மோசமானால் பறிமுதல். கப்பலில் ஏதாவது ஆனாலும் குறைத்த பில் உங்களுக்கே எதிராக நிற்கும்.

உலக வர்த்தக அமைப்பின் மதிப்பீட்டு ஒப்பந்தப்படி முதலில் பார்ப்பது நீங்கள் உண்மையில் கொடுத்த விலை. அது நம்பும்படி இல்லை என்றால்தான் ஒப்பிடக்கூடிய வண்டிகளின் விலை, அப்புறம் அடுத்தடுத்த முறைகள். உண்மையான பில்லும் வங்கிப் பணப் பரிமாற்றமும் இருந்தால் அவர்கள் மேலே ஏற்ற முடியாது என்பதும் அதே ஒப்பந்தம் தரும் பாதுகாப்புதான். மலிவாகக் கிடைத்திருந்தால் மலிவு என்பதை நிரூபிக்க அது போதும். ஏலத்தில் எடுத்தவர்கள் சுத்தி விழுந்த விலையை மட்டும் காட்டாமல் ஏல நிறுவனத்தின் முழு பில்லையும் கொடுங்கள். வெளிநாட்டு நாணயத்தை மாற்றுவது கஸ்டம்ஸ் அறிவிக்கிற விகிதத்தில், உங்கள் வங்கி கொடுத்த விகிதத்தில் இல்லை, அங்கே சின்ன வித்தியாசம் வந்தால் சண்டை போடாதீர்கள்.

உங்கள் எம்ஜிபியில் பார்த்தால் இதில் இன்னும் வேடிக்கை, 9705 கிடைத்துவிட்டால் பாதி விலை காட்டி மிச்சமாகப் போவது நூற்றுக்கு இரண்டரை. அதற்காகவா தலையைக் கொடுப்பது?

கங்காருப்பை:
ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டு வருகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள். வரி இங்கே பெரிய கதையே இல்லை. 30 வயது தாண்டினால் 5 சதவீத சுங்க வரி கிடையாது, 10 சதவீத ஜிஎஸ்டி உண்டு, விலை வரம்பு தாண்டினால் ஆடம்பரக் கார் வரி பழைய வண்டியையும் விடாது. 1989க்கு முந்தையது மட்டும் என்று இருந்த விதியும் 25 வயது என்று மாறிவிட்டது. ஆனால் இறக்குமதி அனுமதி கையில் வருவதற்கு முன் வண்டியைக் கப்பலில் ஏற்றிவிடாதீர்கள்.

உண்மையான தலைவலி ஆஸ்பெஸ்டாஸ். 2003 இறுதியிலிருந்து முழுத் தடை, எவ்வளவு கொஞ்சம் இருந்தாலும் சரி. பழைய வண்டியில் அது எங்கே இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்: பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட், ஹெட் கேஸ்கெட், சில வண்டிகளில் அடியில் பூசிய கறுப்புப் பூச்சு, ஃபயர்வாலில் ஒட்டிய அட்டை. அனுப்பும் நாட்டிலேயே எல்லாவற்றையும் மாற்றி, மாற்றியதற்குப் பில்லும் பரிசோதனைக் கூடத்து அறிக்கையும் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இங்கே துறைமுகத்தில் வைத்து மாதிரி எடுக்கிறேன் என்று கேஸ்கெட்டைக் கழற்றுவார்கள், அதற்கான செலவும் உங்களுடையது, கொண்டு வந்ததற்கு அபராதமும் உங்களுடையது.

இங்கேதான் ஒரு முரண். ஒரிஜினல் ஒரிஜினல் என்று ஐரோப்பாவில் கொண்டாடுகிற அதே 1960 பிரேக் ஷூவை இங்கே கொண்டு வந்தால் குற்றம். இதைத் தவிர மண். சக்கர வளைவுக்குள் காய்ந்த சேறு, ரேடியேட்டரில் ஒட்டிய விதை, எதுவாக இருந்தாலும் திரும்பக் கழுவ வைப்பார்கள்.

ஓடாதவண்டி:
சேற்றுக்குக் கனடாவிலும் இதே கண்டிப்பு. அங்கே உள்ளே விட 15 வயது ஆனால் போதும், ஆனால் டயர் சந்தில் மண் இருந்தால் வாசலோடு சரி.

தூசித்திரை:
இந்தியாவுக்கு? மாமா வெளிநாட்டில் விட்டுச்சென்ற 1968 மெர்சிடிஸ் ஒன்று இருக்கிறது.

பழையதகரம்:
மூன்றைத் தனித்தனியாகப் பாருங்கள் நண்பரே. ஒன்று, இறக்குமதி அனுமதி: முன்பு 1950க்கு முன் தயாரானவை மட்டுமே தாராளமாக வரலாம் என்று இருந்தது, 2025ல் அதை 50 வயது தாண்டியவை என்று தளர்த்தினார்கள். 1968 அதற்குள் வருகிறது. இரண்டு, வரி: அனுமதி தளர்ந்தது என்றால் வரி தளர்ந்தது என்று அர்த்தம் இல்லை, பத்திரிகைச் செய்தியில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பியிருந்தார்கள். ஏற்றுவதற்கு முன் கஸ்டம்ஸ் புரோக்கரிடம் கோடும் வரியும் எழுத்தில் வாங்குங்கள். மூன்று, சாலைப் பதிவு: 2021 விதிப்படி 50 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு விஏ என்ற எழுத்தோடு தனிப் பதிவு, புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். தினமும் ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்புக்கு மட்டும்.

உங்களுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. வாரிசாக வந்தது என்றால் விலை கொடுத்த பில் இருக்காது, மதிப்பீடு வேறு வழியில் போகும். அங்கேயே தகுதியுள்ள மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கி வையுங்கள், வாரிசுச் சான்றும் சேர்த்து.

ரெண்டுகார்ப்:
யாரும் சொல்லாத ஒன்று, அனுப்பும் நாட்டின் அனுமதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 75 வயது தாண்டிய, 50,000 யூரோவுக்கு மேல் மதிப்புள்ள வாகனம் பண்பாட்டுப் பொருள் கணக்கில் வரும், வெளியே கொண்டு போக ஏற்றுமதி உரிமம் வேண்டும். போருக்கு முந்தைய வண்டி வாங்குகிறவர்கள் வரியை எண்ணிக்கொண்டிருப்பார்கள், வண்டி அங்கிருந்தே கிளம்பாது.

எம்ஜிபிக்காரன்:
பணம் அனுப்பிவிட்டேன்! இப்போது கப்பல். ரோரோவா, கன்டெய்னரா? நான்கு வண்டி சேர்த்துப் போடுகிற பகிர்வு கன்டெய்னர் மலிவாகச் சொல்கிறார்கள்.

சரக்குக்கப்பல்:
ரோரோ என்றால் வண்டியை யாரோ ஒருவர் ஓட்டி ஏற்றி ஓட்டி இறக்குவார். சோக் இழுத்து, கொஞ்சம் காத்திருந்து கிளப்ப வேண்டிய வண்டியை அந்த அவசரத்தில் எப்படிக் கையாள்வார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். உள்ளே சாமான் எதுவும் வைக்கவும் விடமாட்டார்கள்.

பகிர்வு கன்டெய்னர் நல்லதுதான், ஆனால் ஒரு விஷயம்: கூட வரும் மூன்று வண்டியில் ஒன்றின் காகிதம் சரியில்லை என்றாலும் பெட்டியே திறக்காமல் நிற்கலாம். இலவச நாட்கள் முடிந்ததும் டெமரேஜ், அதாவது பெட்டி துறைமுகத்தில் தங்குவதற்கான கட்டணம், ஓட ஆரம்பிக்கும், அது நாளுக்கு நாள் ஏறும். யார் அதைக் கட்டுவது என்று முன்பே எழுத்தில் வாங்குங்கள். என் வாடிக்கையாளர் ஒருவர் வேறொரு ஏஜென்டிடம் அனுப்பிய வண்டி இப்படி மாட்டி, வரியைவிட டெமரேஜ் அதிகமாகி வந்தது. சக்கரத்துக்கு அண்டை கொடுக்கிற மரக்கட்டைகளில் பூச்சி நீக்கிய முத்திரை இருக்கிறதா என்று ஏற்றும்போது எடுக்கிற போட்டோவில் பாருங்கள், முத்திரை இல்லாத மரத்தாலும் பெட்டி நிற்கும்.

இன்ஷூரன்ஸ் எல்லா ஆபத்துக்குமான பாலிசியாக எடுங்கள். 2022ல் ஃபெலிசிட்டி ஏஸ் சுமார் 4,000 கார்களோடு தீப்பிடித்து அட்லாண்டிக்கில் மூழ்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஆனால் வண்டிக்கு ஒரு கீறலும் விழாமலே பணம் போகிற வழியும் ஒன்று உண்டு, ஜெனரல் ஆவரேஜ். கப்பலைக் காப்பாற்ற ஆகிற செலவை அதில் சரக்கு வைத்திருக்கிற எல்லோரும் பங்கு போட வேண்டும் என்பது பழைய கடல் வழக்கம். 2021ல் எவர் கிவன் சூயஸ் கால்வாயில் குறுக்கே நின்றதே, அதில் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார்கள். உத்தரவாதம் கொடுக்காமல் பெட்டியை விடமாட்டார்கள், பாலிசி இருந்தால் அந்த உத்தரவாதத்தை அவர்கள் கொடுத்துவிடுவார்கள்.

வி8 விசிறி:
கோடு விஷயத்தில் நான் இன்னும் சமாதானமாகவில்லை, ஆனால் ஒரு உருப்படியான கேள்வி. வண்டி வந்து இறங்கிய பிறகு அதிகாரி 8703 என்று சொன்னால்?

சரக்குக்கப்பல்:
அதைத்தான் இறங்குவதற்கு முன்பே தீர்க்கச் சொல்கிறேன். முன் தீர்ப்பு என்று ஒரு வசதி இருக்கிறது, வண்டியின் விவரம், புகைப்படம், ஆவணம் எல்லாம் கொடுத்து இது எந்தக் கோடு என்று கஸ்டம்ஸிடமே எழுத்தில் கேட்கலாம், கிடைத்த பதில் அவர்களைக் கட்டுப்படுத்தும். 2017ல் நடைமுறைக்கு வந்த வர்த்தக வசதி ஒப்பந்தத்துக்குப் பிறகு இது பெரும்பாலான நாடுகளில் உண்டு. மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் சந்தேகமான வண்டிக்குத்தான் பரிந்துரைப்பேன், உங்கள் வி8 மாதிரி. ஒரிஜினல் எம்ஜிபிக்குத் தேவையில்லை, நல்ல கோப்பு போதும்.

இறங்கிய பிறகு தகராறு வந்தால் அதிக வரிக்கான தொகையை வைப்பாகக் கட்டி வண்டியை எடுத்துக்கொண்டு மேல்முறையீடு செய்யலாம். வண்டியைத் துறைமுகத்தில் விட்டுவிட்டு வாதாடாதீர்கள், நீங்கள் ஜெயித்தாலும் டெமரேஜ் திரும்ப வராது.

இன்னொரு எச்சரிக்கை, ஏஜென்ட் பில் அனுப்பும்போது எந்தக் கோடில் போட்டார் என்று பாருங்கள். சில ஏஜென்ட்கள் கார் என்றாலே கையை 8703க்குத்தான் கொண்டு போவார்கள், அதிகாரி கேள்வியே கேட்காமல் அதை வாங்கிக்கொள்வார், ஏன் கேட்கப் போகிறார்?

எம்ஜிபிக்காரன்:
அப்டேட். ஹெரிடேஜ் சான்றிதழ் வந்தது. இன்ஜின் நம்பர் அப்படியே ஒத்துப்போகிறது, நிறம் மட்டும் இல்லை, பிறந்தபோது பச்சை, இப்போது சிவப்பு. சான்றிதழ், நாலா பக்கமும் எடுத்த படம், இன்ஜின் நம்பர் படம், பிளேட் படம், பில், வங்கிப் பரிமாற்றம் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கி ஏஜென்டிடம் கொடுத்து 9705 என்று எழுத்தில் சொல்லிவிட்டேன். கப்பல் கிளம்பிய பிறகு கஸ்டம்ஸிலிருந்து ஒரே ஒரு கேள்வி ஏஜென்ட் மூலம் வந்தது, பிரேக் ஒரிஜினலா என்று. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், 1969லும் அப்படித்தான் என்று பழைய விற்பனைக் கையேட்டின் பக்கத்தை அனுப்பினோம். இன்று கிளியர் ஆனது. வரி பூஜ்யம், வாட் 5. வண்டி வந்ததை வரித்துறைக்குச் சொல்கிற நோவா அறிவிப்பும் போய்விட்டது, இனி வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏவில் பதிவுதான் பாக்கி.

நிறம் மாறியதை யாரும் கேட்கவே இல்லை.

ரெண்டுகார்ப்:
வாழ்த்துகள்! ஹெட்லைட் இடது பக்கம் தாழ்கிற மாதிரி மாற்றிவிட்டு ஓட்டுங்கள், எதிரே வருபவர் கண்ணைக் குத்தாதீர்கள். அந்த எஸ்யூ ஜோடி என்ன ஆயிற்று?

எம்ஜிபிக்காரன்:
விற்பவர் தேடி எடுத்துவிட்டார், கூடவே ஒரு ஹார்ட்டாப்பும் (கழற்றி மாட்டுகிற கெட்டிக் கூரை) நாலு கம்பிச் சக்கரமும் சும்மா தருகிறேன் என்கிறார். வண்டி ஏற்கெனவே வந்துவிட்டதால் தனிப் பார்சலாக வரும். இதெல்லாமும் 9705தானே?

சரக்குக்கப்பல்:
இல்லை. தனியாக வரும் ஹார்ட்டாப்பும் சக்கரமும் வாகன உதிரி பாகமாக 8708ல் போகும், கார்புரேட்டர் இன்ஜின் பாகமாக 8409ல் போகும், அந்தந்தக் கோடுக்கான வரியும் 20 சதவீத வாட்டும் உண்டு. சும்மா கொடுத்தாலும் மதிப்பு பூஜ்யம் என்று எழுத முடியாது, பழைய ஜோடி என்ன விலைக்குப் போகிறது என்று இரண்டு மூன்று விற்பனை விளம்பரங்களைப் பிரிண்ட் எடுத்து அதையே மதிப்பாகப் போடச் சொல்லுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் வாடைகூட இல்லாமல் கழுவிக் காயவைத்து அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் கூரியர் எடுக்க மாட்டான்.